கழுத்துச் சிரை சொல்லும் கதை



தைப்பூசத்தில் காவடிப் பாட்டை உரக்கப் பாடுபவரின் கழுத்தைப் பார்த்திருப்பீர்கள். கயிறுபோல ஒன்று புடைத்து நிற்கும். "நரம்பு புடைக்கிறது" என்போம். அது நரம்பு அன்று. தலையிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தை இறக்கும் சிரை. கழுத்தின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு முக்கியச் சிரைகள் உண்டு. தோலுக்கடியில் தெரிவது புறக் கழுத்துச் சிரை. தசைக்கு உள்ளே ஆழத்தில் ஓடுவது அகக் கழுத்துச் சிரை.

மருத்துவ வரலாற்றில் இச்சிரைகள் முக்கியமான சாட்சி சொல்லியிருக்கின்றன. சிரைகளுக்குள் சிறு கதவுபோன்ற வால்வுகள் இருப்பதை இத்தாலியப் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603-இல் எழுதினார். இரத்தம் கீழே இறங்கித் தேங்காதிருக்கவே அவை உள்ளன என்று கருதினார். அவரிடம் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி இதை ஏற்கவில்லை. அப்படியானால் கழுத்துச் சிரையின் வால்வு இரத்தத்தைக் கீழே விட்டு, மேலே ஏறாமல் ஏன் தடுக்கிறது? எல்லா வால்வுகளும் இதயத்துக்கே வழிவிடுகின்றன. இரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-இல் தம் நூலில் நிறுவினார்.

நம் கெடா நெல் விளையும் மாநிலம். வாய்க்காலின் கடைமடை அடைத்தால் நீர் பின்னோக்கி ஏறி நிற்பதை அறிவோம். இதயம் தளர்ந்தாலும் அப்படியே. இரத்தம் கழுத்துச் சிரையில் ஏறி நிற்கும். நோயாளியைச் சாய்வாகப் படுக்க வைத்து, நெஞ்செலும்பின் மேட்டிலிருந்து அந்த உயரத்தை அளக்கும் முறையை 1930-இல் தாமஸ் லூயிஸ் விளக்கினார். 3 சென்டிமீட்டருக்கு மேல் நின்றால் டாக்டர் கவனிப்பார்.

இந்த அடையாளத்துக்கும் நம் சோற்றுக்கும் ஓர் உறவு உண்டு. நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. அதன் ஒரு வகையில் கால் வீங்கும், மூச்சு முட்டும், இதயம் தளர்ந்து கழுத்துச் சிரை புடைக்கும். தீட்டிய சயாம் அரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே அது பரவியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழரை அது அரிதாகவே தொட்டதை, நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் 1907-இல் எழுதினார். அதே ஆண்டில் ஜெலுபுவில் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கிச் சோதனை தொடங்கினர். தீட்டிய அரிசி உண்டவர்களிடம் பெரிபெரி தோன்றியது. புழுங்கல் அரிசி உண்டவர்களிடம் தோன்றவில்லை.

காரணம் என்ன? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. அச்சத்தை 1926-இல் ஜாவாவில் ஜான்சன், டோனாத் என்பவர்கள் பிரித்தெடுத்தனர். அதுவே வைட்டமின் பி1. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தோட்டங்களில் நம்மவரை வாரிக்கொண்டுபோன காலத்தில், பாட்டிமார் பானையில் பொங்கிய புழுங்கல் அரிசி இந்த ஒரு நோயையாவது வாசலில் நிறுத்தியது.

ஆனால் ஆபத்து முற்றும் நீங்கிவிடவில்லை. சோற்றை மறந்து சம்சுவே கதியென்று கிடப்பவருக்கு இச்சத்துக் குறைந்து, அதே இதயத் தளர்ச்சி இன்றும் வரலாம். வேறு இதய நோய்களிலும் கழுத்து புடைக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளிக்கு அடுத்த லயத்தில் ஒரு பெரியவருக்குக் கால் வீங்கியது. உட்கார்ந்திருக்கும்போதே கழுத்து புடைத்தது. சளிதான் என்று தைலம் தேய்த்தார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் அப்படியே நம்பினோம். டாக்டரிடம் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. அந்த வருத்தமே எங்களை இன்று பேச வைக்கிறது.

பாடும்போதும், முக்கும்போதும், மல்லாந்து படுக்கும்போதும் கழுத்துச் சிரை தெரிவது இயல்பே. நிமிர்ந்து அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அது புடைத்து நின்று, கால்வீக்கமும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் தைலத்தைத் தேடாதீர்கள். சுங்கை பட்டாணியோ அலோர் ஸ்டாரோ, அருகிலுள்ள மருத்துவமனைக்கு அன்றே அழைத்துச் செல்லுங்கள்.