பேகனின் கொடைமடம்

'மடம்'னா நமக்குச் சாமியார் மடம்தான் ஞாபகம் வரும். புறநானூற்றில் வர்ற 'கொடைமடம்' வேற. அங்கே மடம் என்றால் அறியாமை. வாங்குபவருக்கு அது தேவையா, பயன்படுமா என்று கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிடுவது. பேகனுக்குக் கொடையில் மடம் உண்டு, படையில் கிடையாது என்று 142ஆம் பாட்டில் சொல்கிறார் பரணர். மழை வயலுக்கும் பெய்யும், உவர்நிலத்துக்கும் பெய்யும் இல்லையா, அந்த மாதிரி.

குளிரில் நடுங்குமே என்று மயிலுக்குப் போர்வை கொடுத்த அதே பேகன்தான். ஆனால் அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான் (சிலப்பதிகாரக் கண்ணகி இல்லைங்க, இவர் வேறு). 145ஆம் பாட்டில் பரணர் அந்தப் போர்வையை நினைவூட்டிவிட்டு, "நான் பசித்து வரவில்லை, இன்றிரவே தேரேறி அவளிடம் போ, அதுதான் நான் கேட்கும் பரிசில்" என்கிற பொருளில் பாடுகிறார்.

மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டிலிருந்தவளின் துயரம் தெரியலை. கொடைமடம் புகழ்ச்சிச் சொல்தான். ஆனா இந்த ரெண்டு பாட்டையும் சேர்த்துப் படிச்ச பிறகு, அதிலிருக்கும் 'மடம்' எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.