பேரீச்சையும் அத்தியும்: புலம்பெயர்ந்த கவிஞர் கையாண்ட உருவகம்

தன் துயரைத் தன் வாயால் சொல்ல இயலாதவன் அதனை ஒரு மரத்தின்மேல் ஏற்றிச் சொல்வான். தமிழ் அணியிலக்கணம் இதனைப் பிறிதுமொழிதல் என்னும். அரபு அணியிலக்கணத்தார் கூறும் 'இஸ்திஆரா தம்ஸீலிய்யா' இதற்கு மிக நெருங்கியது. பிறந்த மண்ணைப் பிரிந்த அரபுக் கவிஞர்கள் இவ்வணியை நாடியது ஏன்?

ஹிஜ்ரி 132இல் (கி.பி. 750) உமையாக்களின் ஆட்சி வீழ்ந்தது. அக்குடும்பத்தார் தேடித் தேடிக் கொல்லப்பட்டனர். கலீஃபா ஹிஷாமின் பேரரான அப்துர் ரஹ்மான் ஃபுராத் நதியை நீந்திக் கடந்து தப்பினார். உடன் வந்த இளவலோ பகைவர் கையில் மாண்டார். வட ஆப்பிரிக்காவில் அலைந்து திரிந்த அவர், 755இல் ஸ்பெயினில் கரையிறங்கி, மறு ஆண்டே குர்துபாவைக் கைக்கொண்டார். அந்நகர்ப்புறத்தே தாம் எழுப்பிய மாளிகைக்கு, ஸிரியாவில் பாட்டனார் வாழ்ந்த ருஸாஃபாவின் பெயரையே சூட்டினார். அங்கு நின்ற பேரீச்சை ஒன்றை விளித்து அவர் பாடியதாகச் சிறு பாடலொன்றை வரலாற்றாசிரியர் வழங்குகின்றனர். மரமும் தாமும் சுற்றத்தைப் பிரிந்து மேற்கே வந்த அந்நியர் என்பதே அதன் கருத்து.

பகைவரான கலீஃபா அல்மன்ஸூரே அவரைக் 'குறைஷியரின் இராஜாளி' என வியந்தார் என்பர். அத்தகையவர் அவையில் கண்ணீர் சிந்துதல் எங்ஙனம்? ஆட்சி வேரூன்றாத நாட்டில் அரசரின் ஏக்கம் பலவீனமாகவே கருதப்படும். எனவே மரம் அவருக்குத் தோழமையாயிற்று. எனினும் அவர் முற்றும் மறையவில்லை; மரத்தின் அருகே தம்மையும் நிறுத்திக்கொண்டார்.

முற்றும் மறைந்து பேசியவர்கள் இருபதாம் நூற்றாண்டின் மஹ்ஜர் கவிஞர்களே. 1920இல் நியூயார்க்கில் ஜிப்ரானைத் தலைவராகக் கொண்டு 'அர்ராபிதத்துல் கலமிய்யா' உருப்பெற்றது. அதனைச் சார்ந்த ஈலியா அபூமாழீ, லெபனானிலிருந்து எகிப்துக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் பெயர்ந்தவர். அவருடைய கவிதையொன்றில் ஓர் அத்திமரம், தன் கனியும் நிழலும் பிறர்க்கே பயன்படுவதாக வெகுண்டு, இனித் தனக்கென மட்டுமே வாழத் துணிகிறது. வசந்தம் வந்தும் அது தளிர்க்கவில்லை. தோட்டக்காரன் அதனை வெட்டி நெருப்பிலிடுகிறான். மற்றொன்றில், தன்னை அற்பமென எண்ணிய சிறுகல் அணையை விட்டு அகல்கிறது; வெள்ளம் நகரை மூழ்கடிக்கிறது.

இவற்றை ஈகையின் சிறப்பும் எளியோரின் மதிப்பும் உணர்த்தும் நீதிக்கதைகளாகக் கொள்வது வழக்கம். கவிஞரின் வாழ்வோடு இயைத்து நோக்கின் மற்றொரு பொருளும் புலனாகும். அந்நிய நாட்டில் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் அச்சம் அத்தியில் உள்ளது. தான் நீங்கி வந்த ஊரில் தன் இடம் வெற்றிடமாயிற்றோ என்னும் உறுத்தல் அக்கல்லில் உள்ளது.

இக்கவிஞருட் பலர் கிறித்தவர் என்பதால் நம் அரபுப் பாடத்திட்டங்கள் இவர்களைப் புறக்கணித்தல் தகாது. குர்பத் எனும் அந்நியநிலை மதம் பார்த்து வருவதன்று. அப்துர் ரஹ்மான் ஸிரியாவுக்குத் திரும்பாமலே 788இல் மறைந்தார். அவர் மரபோ அந்தலுஸில் 1031 வரை ஆண்டது. ஏங்கிய பேரீச்சை அம்மண்ணிலேயே வேர்விட்டது. தளிர்க்க மறுத்த அத்தியோ தன் மண்ணிலேயே அழிந்தது. கடல் கடந்து பொருளீட்டும் நம் இளைஞர்க்கு இவ்விரு மரங்களையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.