ரேடார் வண்டியை நிறுத்துமா?

"காரைக்கால் பக்கம் போனாலே வண்டி மக்கர் பண்ணுதுடா. எல்லாம் அந்த ரேடார் பண்ற வேலை!" இது என் மாமா. எங்கள் திருப்பனந்தாளிலிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள் காரைக்கால். அங்கே வானிலைத் துறையின் புயல் ரேடார் இருக்கிறது. இதைப் படித்துப் பார்த்தால், மாமாவின் புகாருக்கு வயது தொண்ணூறு!

பிரிட்டனில் ரேடார் பிறந்ததே ஒரு கொலைக்கதிர் ஆசையில்தான். 1935-ல் பிரிட்டிஷ் அரசு, ரேடியோ அலையால் எதிரி விமானியைக் கொல்ல முடியுமா என்று வாட்சன்-வாட்டிடம் கேட்டது. அவர் தன் உதவியாளர் வில்கின்ஸிடம் விஷயத்தைச் சொல்லாமல் ஒரு கணக்குக் கொடுத்தார்: தூரத்தில் இருக்கும் 8 பைண்ட் தண்ணீரை 98 டிகிரியிலிருந்து 105-க்குச் சூடாக்க எவ்வளவு சக்தி வேண்டும்? அது மனித ரத்தத்தின் அளவு என்று வில்கின்ஸுக்குப் புரிந்துவிட்டது. (கில்லாடி!) கொல்ல முடியாது, ஆனால் விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையைப் பிடிக்கலாம் என்றார். 1935 பிப்ரவரி 26 அன்று டேவன்ட்ரியில் அதைச் செய்தும் காட்டினார்கள்.

அதே காலத்தில் ஜெர்மனியில் ஒரு வதந்தி. மலைக்கோபுரம் அருகே கார்கள் தானாக நின்றுவிடுமாம். காவலாளி வந்து "இனிப் போகலாம்" என்றதும் ஓடுமாம். இதன் மர்மத்தை விளக்கியவர் உளவுத்துறை விஞ்ஞானி ஆர்.வி. ஜோன்ஸ். டிவி கோபுரத்துக்கு இடம் பார்த்து அலையை அளந்திருக்கிறார்கள். காரின் ஸ்பார்க் பிளக் ரேடியோ இரைச்சல் எழுப்பும் அல்லவா? அளவு கெடாமலிருக்க, எஞ்சினை அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது கார்தான் ரேடியோவைக் கெடுத்தது! ஊர்வாயில் கதை தலைகீழானது.

அப்படியானால் எல்லாமே புரளியா? இல்லை. 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் இங்கிலாந்தின் டிரிமிங்ஹாம் விமானப்படை ரேடார் அருகே சென்ற கார்களில் எஞ்சின் நின்றது, டாஷ்போர்டு மீட்டர்கள் தாறுமாறாக ஆடின. ரேடாரின் சீரமைப்பு விலகியிருந்ததைப் பாதுகாப்பு அமைச்சகமே ஒப்புக்கொண்டது. புதிய கார்களில் எஞ்சினை நடத்துவது மின்னணு மூளை. அதில்தான் அலை புகுந்து குழப்பும். மாமாவின் பழைய மொபெட்டில் குழம்புவதற்கு மூளை ஏது?

வானிலை ரேடாரின் துடிப்பு சில நூறு கிலோவாட் வரை இருக்கும். ஆனால் மைக்ரோ வினாடிக் கணக்கில்தான் நீடிக்கும். தூரம் இரட்டித்தால் வலிமை கால்வாசியாகிவிடும். ஆகவே ரேடாருக்குப் பக்கத்தில் இருப்பதும் ஊருக்குள் இருப்பதும் ஒன்றல்ல.

உயிரினங்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஸ்காட்லாந்தில் 2007-ல் வெளியான ஆய்வில், ரேடாருக்கு மிக அருகே வௌவால் நடமாட்டம் குறைந்திருந்தது. காரணம் உறுதியாகவில்லை. இதைச் சிரித்துத் தள்ளக்கூடாது. அதற்காக எங்கள் தெருவில் சிட்டுக்குருவி குறைந்ததற்குக் காரைக்கால் ரேடாரைக் கைகாட்டவும் மனம் வரவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. 80,000-க்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். புயல் நெருங்க நெருங்க அதன் கண்ணைத் தொடர்ந்தவற்றுள் இந்தக் காரைக்கால் ரேடாரும் ஒன்று. அன்றிரவு மாமா டிவி முன்னாலிருந்து நகரவே இல்லை.

போன வாரம் மெக்கானிக் வண்டியைப் பிரித்தார். பிளக் முழுக்கக் கரி.