ஓசிக்கு ஒரு கணக்கு: சிகரெட் அட்டையில இருந்து பேஸ்பால் வரைக்கும்

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. இன்னிக்குக் கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவத்தி. பேஸ்பால்னு தலைப்புல பாத்துட்டு ஓடிடாதீங்க, செந்துறையைத் தொட்டுட்டுத்தான் போகப்போறோம்.

2023 ஜூன் லீவுக்கு அமெரிக்காவுல இருந்து அக்கா பையன் ஊருக்கு வந்திருந்தான். கையில நின்டெண்டோ ஸ்விட்ச், அதுக்குள்ள 'எம்.எல்.பி. தி ஷோ 23'ங்கற பேஸ்பால் விளையாட்டு. வந்த ரெண்டாம் நாளே, "மாமா, ஹாட்ஸ்பாட் போடுங்க"ன்னான்.

"கம்ப்யூட்டர்கூடத் தனியாத்தானடா ஆடுற, நெட்டு எதுக்கு?"

"அட்டையெல்லாம் அவங்க சர்வர்ல இருக்கு மாமா."

அட்டைன்னா வீரர்கள் படம் போட்ட அட்டை. 2012ல இந்த விளையாட்டுல 'டைமண்ட் டைனஸ்டி'ன்னு ஒரு பகுதியைச் சேத்தாங்க. அட்டை சேத்து அணி கட்டணும். அட்டை வாங்க உள்ளுக்குள்ளயே ஒரு காசு, பேரு 'ஸ்டப்ஸ்'. டிக்கெட்டைக் கிழிச்சப்புறம் நம்ம கையில மிஞ்சற துண்டு இருக்கே, அதான். டாலர் குடுத்தும் ஸ்டப்ஸ் வாங்கலாம், ஆடியும் சம்பாதிக்கலாம். நம்மாளு டாலர் பக்கமே போகல. அவன் ஓசி சம்பாதிக்கற வேகத்தைப் பாத்தா, அரியலூர் லாரிக்காரங்க ட்ரிப் கணக்கு போடறது தோத்துப்போகும்.

நிஜ பேஸ்பால் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். அவன் ஒன்பது ஆடி நான் பாத்ததே இல்ல. 'காங்க்வெஸ்ட்'ன்னு ஒண்ணு: அமெரிக்க வரைபடத்தைத் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டமா பிரிச்சு வச்சிருக்கும். மூணு இன்னிங்ஸ் ஆடி ஜெயிச்சா எதிராளி இடம் நம்மது. சில கட்டத்துக்கு அடியில பரிசு ஒளிஞ்சிருக்கும். எந்தக் கட்டம்னு ஆடறதுக்கு முன்னாடியே தேடிக் குறிச்சு வச்சுக்குவான். 'மொமண்ட்ஸ்'ல இத்தனை ஹிட் அடி, இத்தனை பேரை அவுட் ஆக்குன்னு குட்டிக்குட்டி வேலை. தப்பிச்சுனா அடுத்த நொடி மறுபடி. 2022 பதிப்புல வந்த 'மினி சீசன்ஸ்'லயும் மூணே இன்னிங்ஸ்தான். எங்க விடுறாங்களோ அங்கல்லாம் எதிராளியைச் சின்னப்புள்ளத்தனமா ஆட வச்சிடுவான். சவாலைக் கூட்டினா அட்டைக்கு அனுபவப் புள்ளி வேகமா ஏறுமாம். ஆனா நேரக்கணக்குப்படி கட்டுப்படியாகாதாம்.

"விளையாடுறியா இல்ல நூறு நாள் வேலைக்குப் போறியாடா மாப்ள?"ன்னு கேட்டேன். சிரிக்கக்கூட நேரமில்ல அவனுக்கு.

இந்த அட்டைப் பைத்தியம் எங்க ஆரம்பிச்சதுன்னு தேடிப் பாத்தா, 1880கள்ல சிகரெட் பாக்கெட்டுக்குள்ள போய் நிக்குது. உள்ள இருக்கற சிகரெட் நசுங்காம இருக்க ஒரு அட்டை வச்சாங்க. சும்மா இருக்கற அட்டையில படம் போட்டா என்னன்னு எவனுக்கோ தோணிருக்கு. அமெரிக்காவுல பேஸ்பால்காரங்க படம். இங்கிலாந்துல வில்ஸ் கம்பெனி 1896லயே கிரிக்கெட்காரங்க படம் போட்டுச்சு. படத்துக்காகப் பசங்க, சிகரெட் வாங்கி வர்ற பெரியவங்க பின்னாடி அலைஞ்சாங்க. 1909ல தொடங்கி அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி போட்ட வரிசையில ஹோனஸ் வேக்னர்ங்கற ஆளோட அட்டை சீக்கிரமே நின்னுபோச்சு. சிக்கினது கொஞ்சம்ங்கறதால 2022ல ஒரு அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறுச்சு. ஓசி அட்டை மக்களே!

அப்புறம் சிகரெட் போய் பபுள்கம் வந்துச்சு. நியூயார்க் புரூக்ளின்ல இருந்த டாப்ஸ் கம்பெனி 1952ல 407 அட்டை கொண்ட வரிசையைப் போட்டுச்சு. வடிவமைச்சவர் சை பெர்கர். வித்தது போக மிஞ்சினதை 1960 வாக்குல அவரே படகுல ஏத்திட்டுப் போய் அட்லாண்டிக் கடல்ல கொட்டினதா சொல்லியிருக்காரு. அந்த வரிசையில வந்த மிக்கி மேன்டில் அட்டை ஒண்ணு 2022ல 1.26 கோடி டாலருக்குப் போச்சு. கடலுக்குள்ள மீனுங்க எத்தனை கோடியைத் தின்னுச்சோ.

பபுள்கம்மோட அட்டை விக்கற உரிமையை டாப்ஸ் தன் கையிலயே வச்சிருந்துச்சு. ஃப்ளீர்னு ஒரு போட்டிக் கம்பெனி 1963ல ஒரு வேலை பண்ணாங்க பாருங்க. கம்முக்குப் பதிலா அட்டைகூட பிஸ்கட் வச்சாங்க! அதுலயும் இனிப்பு கம்மி. இனிப்பு கூடினா மிட்டாய்க் கணக்குல வந்துரும், டாப்ஸ் பிடிச்சுக்கும். அப்படியும் டாப்ஸ் கோர்ட்டுக்குப் போய் அதை நிறுத்திடுச்சு. அந்த பிஸ்கட்டை எத்தனை பேர் தின்னிருப்பாங்கன்னு நினைக்கறீங்க? அதே நேரம் டாப்ஸ் கம்மையும் பசங்க அட்டையை எடுத்துட்டு வீசிட்டுத்தான் போனாங்க. கடைசியில 1992ல டாப்ஸே பாக்கெட்ல கம் வைக்கறதை நிறுத்திடுச்சு. ஓசியா வந்த அட்டை, விக்க வந்த கம்மை வெளிய துரத்திடுச்சு.

நம்ம பக்கம் வருவோம். 'பிக் ஃபன்' பபுள்கம் ஞாபகம் இருக்கா? கிரிக்கெட் வீரர் படத்தோட ரன்னோ விக்கெட்டோ இருக்கும், சேத்துக் குடுத்தா பரிசு. அது எனக்கு மூத்த செட்டு. நம்ம செட்டுக்கு 1999 உலகக்கோப்பை, பிரிட்டானியா பிஸ்கட்.

பிஸ்கட் கவர்ல ரன் போட்டிருக்கும். நூறு ரன் சேத்துக் குடுத்தா ஒரு புத்தகம், அதுல சுரண்டற இடம். அதிர்ஷ்டம் இருந்தா இங்கிலாந்துக்கே போய் மேட்ச் பாக்கலாம். அப்ப நான் ஒன்பதாவது. (செந்துறை அப்ப பெரம்பலூர் மாவட்டம். 2001ல அரியலூர் மாவட்டமாச்சு, 2002ல மறுபடி பெரம்பலூர், 2007ல மறுபடி அரியலூர். விலாசம் எழுதியே கை வலிச்ச ஊரு எங்களது.) காசு குடுத்து நூறு ரன் எடுக்கறவன் ஏமாளின்னு முதல் வாரமே எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. பஸ் ஸ்டாண்டு டீக்கடை குப்பைத்தொட்டி எங்களோட முதல் மைதானம். அப்புறம் கண்டுபிடிச்சது முந்திரிக்காடு. கொட்டை பொறுக்கற சீசன் அது. வேலைக்கு வர்றவங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் போகும். சாயங்காலம் மரத்தடியில போய் நின்னா கவர் கிடைக்கும். கொஞ்சம் ரன் குறையும்போது மட்டும் அம்மாகிட்ட அழுது ஒரு பாக்கெட்டு வாங்குவேன். கவரை அளவா வெட்டி எடுத்துக்கிட்டு பிஸ்கட்டை வாசல்ல நிக்கற ஆட்டுக்குப் போட்டேன். அம்மா அதைப் பாத்துட்டு வெளக்குமாத்தை எடுத்தது தனி வரலாறு.

நூறு சேந்துச்சு. புத்தகம் வந்துச்சு. சுரண்டுனேன். இங்கிலாந்து விழல. புத்தகத்தை அங்கயே விட்டுட்டு அடுத்த நூறுக்குக் கிளம்பிட்டேன். ஒரு பக்கம்கூடப் படிக்கல. பிரிஸ்டல்ல சச்சின், அப்பாவோட இறுதிச் சடங்கை முடிச்சிட்டு வந்து 140 அடிச்ச மே 23 அன்னிக்குக்கூட முதல் பாதி முந்திரிக்காட்டுலதான் இருந்தேன். மேட்ச் ஆரம்பிச்சப்புறம்தான் காட்டுல ஆள் கூட்டம் கம்மி, கவர் ஜாஸ்தி.

இப்ப நம்ம ஊர்ப் பசங்க ஃபோன்ல ஆடற கிரிக்கெட்லயும் இதே கதைதான். சென்னையில இருக்கற நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செஞ்ச 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' விளையாட்டை எடுத்துக்குங்க. ரெண்டாவது 2015ல, மூணாவது 2020ல. ஆடினா நாணயம், விளம்பரம் பாத்தாலும் நாணயம். டீக்கடையில ஒருத்தன் விளம்பரத்தை ஓடவிட்டு ஃபோனைக் கவுத்து வச்சிட்டு வடை தின்னுக்கிட்டிருந்தான். முந்திரிக்காட்டு ஆளுன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு.

மறுபடி அக்கா பையன். அந்த 2023 பதிப்புல 'ஸ்டோரிலைன்ஸ்'னு புதுசா ஒண்ணு சேத்திருந்தாங்க. 1947ல ஜாக்கி ராபின்சன் வர்ற வரைக்கும் கறுப்பர்களை அமெரிக்காவோட பெரிய லீக்ல சேக்க மாட்டாங்க. அதனால 1920ல இருந்து தனி லீக் வச்சு ஆடினாங்க. அந்த ஆட்டக்காரங்க கதையை கான்சாஸ் சிட்டியில இருக்கற அருங்காட்சியகத்தோட தலைவர் பாப் கென்ட்ரிக் சொல்ல, நடுநடுவுல நாம அந்தத் தருணங்களை ஆடணும். ஆடினா அட்டை, ஓசியா.

நம்மாளு வீடியோ ஓடவிட்டு, சத்தத்தைக் குறைச்சுத் திண்ணையில வச்சிட்டு பல்லு விளக்கப் போயிட்டான். நான்தான் எடுத்துப் பாத்தேன். சாட்சல் பேஜ்னு ஒரு பந்து வீச்சாளர். வாழ்க்கையில பாதிக்கு மேல கதவுக்கு வெளியவே நின்னு, 1948ல 42 வயசுல க்ளீவ்லாண்ட் அணிக்காகப் பெரிய லீக்ல முதல் ஆட்டம். அந்த வருஷமே கோப்பை. 1965ல 59 வயசுல வந்து மூணு இன்னிங்ஸ் ரன்னே குடுக்காம போட்டிருக்காரு மனுஷன்.

"இவரு யாருடா?"ன்னேன் வாயில நுரையோட வந்தவன்கிட்ட.

"என்கிட்ட இருக்காரு மாமா, சூப்பர் கார்டு. அடுத்த வருஷ கேம் வந்தா இதெல்லாம் போயிடும், புதுசா சேக்கணும்."

"கதை தெரியுமா?"

முழிச்சான். எனக்கு அந்தப் பழைய புத்தகத்தோட அட்டை நிறம்கூட ஞாபகமில்ல, நான் எந்த முகத்தோட அவனைத் திட்டறது? பக்கத்துல உக்கார வச்சு முதல்ல இருந்து போட்டேன். அம்மாவும் வந்து "யாருடா இந்தக் கிழவன், நல்லாப் போடறான்"ன்னு உக்காந்துட்டாங்க. மூணாவது வீடியோ பாதியில இருக்கும்போது அன்னிக்கான டேட்டா தீந்துபோச்சு.

"மாமா, வேற சிம் இருக்கா?"ன்னான். தேடிக்கிட்டு உள்ள போனேன்.

டிஸ்கி: 1999 பிஸ்கட் புத்தகம் யாருகிட்டயாவது கிழியாம இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. சுரண்டினதா இருந்தாலும் பரவால்ல, படிக்கத்தான் கேக்கறேன் :-)