மென்பொருள் பொறியியல்: ஜொகூரில் நின்று பார்க்கும் வரலாறு

கணினி நிரல்களைப் பலர் சேர்ந்து எழுதவும், எழுதியதை ஆண்டுக்கணக்கில் பேணவும் தேவையான முறைகளைத் தொகுத்த துறை மென்பொருள் பொறியியல். ஒரு மாலைப்பொழுதில் ஒருவர் தனக்காக எழுதிக்கொள்ளும் நிரலுக்கு இதன் உதவி தேவைப்படாது. எழுதியவர் வேறு வேலைக்குப் போன பிறகு, அவரைப் பார்த்தேயிராத இன்னொருவர் அதே நிரலைத் திறந்து, சட்டம் மாறிவிட்டதால் நாலு வரி திருத்த வேண்டி வரும். அந்த நாளுக்காகத்தான் இத்துறை இருக்கிறது.

தேவைகளைத் திரட்டுதல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல், பயன்பாட்டுக்கு விடுதல், பராமரித்தல் ஆகிய கட்டங்களைச் சேர்த்து உருவாக்கச் சுழற்சி என்பார்கள். பாடநூல்களில் இவை சம அளவுள்ள ஆறு பெட்டிகளாக வரையப்பட்டிருக்கும். அந்தச் சமஅளவு தவறான எண்ணத்தைத் தருகிறது. பயனுள்ள எந்த மென்பொருளும் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கடைசிப் பெட்டியில்தான் கழிக்கிறது. அதற்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இரண்டு முறை மாறிய வார விடுமுறை

ஜொகூரில் 2014 ஜனவரி 1 முதல் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளி, சனி என்றானது. அதற்கு முன் சனி, ஞாயிறு. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்கே திரும்பியது. தனியார் நிறுவனங்கள் தமக்கு ஏற்ற நாள்களை வைத்துக்கொள்ள முடிந்ததால், பதினோரு ஆண்டுகள் ஒரே தெருவில் இரண்டு வகை விடுமுறை நடந்தது. அப்பாவுக்கு ஞாயிறு, பிள்ளைகளுக்கு வெள்ளி என்று வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம்.

இதைச் சம்பளக் கணக்கு எழுதும் ஒரு மென்பொருளுக்குள் இருந்து பாருங்கள். ஓய்வு நாளில் வேலை செய்தவருக்குக் கணக்கு வேறு. 'கிழமை சனி அல்லது ஞாயிறு என்றால்' என்ற நிபந்தனையை, சம்பளச் சீட்டு, விடுப்புக் கணக்கு, மாத அறிக்கை என்று கை போன இடத்திலெல்லாம் நிரலர் எழுதி வைத்திருந்தால், 2014இல் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் யாரோ ஒருவரின் சம்பளம் குறையும். 'இன்று ஓய்வு நாளா?' என்று கேட்டால் பதில் சொல்லும் பகுதியை ஒரே இடத்தில் வைத்து, மற்ற எல்லாம் அதையே கேட்கும்படி எழுதியிருந்தால் திருத்தமும் ஓரிடத்தில் முடியும்.

மாறக்கூடிய முடிவை ஒரு சுவருக்குள் மூடி வை என்ற இந்த நெறியை, தகவல் மறைப்பு என்ற பெயரில் டேவிட் பார்னஸ் 1972இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். நிரலை வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காதே, எது மாறும் என்று பார்த்துப் பிரி என்பது அவர் வாதம். இத்துறையின் நெறிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. 2025இல் அந்த ஒரே இடத்தில் வெள்ளியை எடுத்து ஞாயிறைப் போட்டுவிட்டால், 2019ஆம் ஆண்டுச் சம்பளச் சீட்டை மறுபடி எடுக்கும்போது அதுவும் புதிய விதிப்படி கணக்காகிவிடும். ஆகவே ஓய்வு நாளை வெறும் விடையாக வைக்காமல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று மூன்று வரிகள் கொண்ட அட்டவணையாக வைப்பதுதான் சரி. வடிவமைப்பு என்று பெரிய சொல்லால் குறிப்பது பெரும்பாலும் இத்தகைய சின்ன முடிவுகளைத்தான்.

பெயர் பிறந்த கதை

மென்பொருளைக் கட்டம் கட்டமாகச் செய்யலாம் என்ற எண்ணம் துறையின் பெயரைவிட மூத்தது. அமெரிக்க வான் பாதுகாப்புக்கான சேஜ் அமைப்பில் பணியாற்றிய ஹெர்பர்ட் பெனிங்டன் 1956இல் அக்கட்டங்களை விவரித்தார். அப்பல்லோ விண்கலத்தின் பறப்பு மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ஹாமில்டன், தம் வேலைக்கும் மற்றப் பொறியாளர்களின் வேலைக்குரிய மதிப்பு வேண்டும் என்பதற்காகவே 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயரைப் பயன்படுத்தினார்.

1968 அக்டோபர் 7 முதல் 11 வரை ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாடு அந்தப் பெயரை நிலைநிறுத்தியது. 11 நாடுகளிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். காலம் கடந்து, செலவு மீறி, வந்தபின்பும் சரியாக ஓடாத பெருந்திட்டங்களைப் பற்றியே பேச்சு. 'மென்பொருள் நெருக்கடி' என்ற சொல்லும் அங்கேதான் பரவியது.

நெருக்கடியின் உள்முகத்தைக் காட்டியவர் ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும் என்று 1975இல் வந்த தம் நூலில் எழுதினார். 5 பேர் கொண்ட குழுவில் ஒருவரோடொருவர் பேச 10 இணைப்புகள்; 10 பேர் ஆனால் 45. புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரமும் ஏற்கெனவே திணறுபவரின் கணக்கிலிருந்தே போகிறது.

அருவியும் சுருளும்

ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்தது என்னும் அருவி முறைக்கு வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையே மூலம் என்று பல நூல்கள் சொல்கின்றன. கட்டுரையைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். படிப்படியாக இறங்கும் அந்தப் படத்தை வரைந்த கையோடு, இப்படியே செய்தால் ஆபத்து என்று அவர் எச்சரித்தார். சோதனை கடைசியில் வருவதால், அங்கே தெரியும் குறை வடிவமைப்பையே புரட்டிப்போடும் என்றார். புதுவகை மென்பொருளை ஒருமுறை முன்னோட்டமாகச் செய்து பார்த்துப் பிறகு உண்மையானதைச் செய்யச் சொன்னார். 'அருவி' என்ற சொல்லே அக்கட்டுரையில் இல்லை. ஆனாலும் ஒப்பந்தம் எழுதுவோருக்குப் படம் பிடித்துப்போனது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கையெழுத்து, ஒரு தவணைப் பணம் என்று பிரிக்க வசதியாக இருந்தது. எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டது இத்துறையின் விலையுயர்ந்த தவறுகளில் ஒன்று.

பாரி போம் 1980களில் முன்வைத்த சுருள் முறை, ஒவ்வொரு சுற்றிலும் மிகப் பெரிய ஆபத்து எதுவோ அதை முதலில் எதிர்கொள்ளச் சொன்னது. தேவை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதைப் பயன்பாட்டுக்கு விட்ட பிறகு கண்டுபிடித்தால் திருத்தச் செலவு 100 மடங்கு வரை கூடும் என்ற கணக்கும் அவருடையதே. எங்கும் மேற்கோளாகும் அந்த எண் பெரிய திட்டங்களுக்கானது. சிறிய மென்பொருள்களில் அது 5 மடங்குக்கு அருகில்தான் இருக்கும் என்று அவரும் விக்டர் பசிலியும் 2001இல் எழுதினர். அதை யாரும் அவ்வளவாக மேற்கோள் காட்டுவதில்லை.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்நோபேர்டில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்டனர். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று சிறு தவணைகளில் ஓடும் மென்பொருளைக் கையில் கொடுத்து, பயன்படுத்துவோர் சொல்வதைக் கேட்டு அடுத்ததைச் செய்வது இதன் சாரம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்ற கருவி, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற வரலாற்றை ஒவ்வொரு நிரலரின் கணினியிலும் வைத்தது. எழுதுவோரும் இயக்குவோரும் ஒரே குழுவாக வேலை செய்யும் டெவ்ஆப்ஸ் வழக்கம் 2009க்குப் பின் பரவியது.

மலேசியாவில்

மலேசியாவின் முதல் கணினி 1966இல் தேசிய மின்சார வாரியத்துக்கு வந்த ஐபிஎம் 1401. முப்பது ஆண்டு கழித்து, 1996இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் தொடங்கியபோது மென்பொருள் நாட்டின் தொழிற்கொள்கையிலேயே இடம்பிடித்தது. ஜொகூரில் இத்துறைக்கு வேர் கொடுத்தவை பல்கலைக்கழகங்கள். 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்று நிறுவப்பட்டு 1975இல் பெயர் மாறிய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 1980களில் ஸ்கூடாய் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. மென்பொருள் பொறியியல் அங்கே தனிப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியர் பயிற்சி மையமாகத் தொடங்கியது, இன்று துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம். மலேசிய மென்பொருள் பொறியியல் மாநாட்டின் 5ஆவது கூடல் 2011 டிசம்பரில் ஜொகூர் பாருவில் நடந்தது. அண்மை ஆண்டுகளில் கூலாய், இஸ்கந்தர் புத்ரி பக்கம் எழும் தரவு மையங்களுக்கே செய்தித்தாள்களில் இடம் அதிகம். கட்டடமும் மின்சாரமும் கண்ணுக்குத் தெரிகின்றன. உள்ளே ஓடுவது தெரிவதில்லை.

பெயரும் எண்ணும்

தேவைகளைத் திரட்டுதல் என்ற முதல் கட்டம் எவ்வளவு நுணுக்கமானது என்பது மலேசியத் தமிழர்களுக்குத் தங்கள் பெயராலேயே தெரியும். அடையாள அட்டையில் தம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே மகனுக்கு 'ஏ/எல்', மகளுக்கு 'ஏ/பி' என்று வரும். அந்தச் சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்பதில்லை. சிவப்பு எழுத்தில் 'தவறான எழுத்து' என்று காட்டும். குடும்பப் பெயர் கட்டாயம் என்று இன்னொரு கட்டம் கேட்கும். குடும்பப் பெயரே இல்லாதவர் அங்கே அப்பா பெயரை எழுதுவார். பிறகு விமானச் சீட்டில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர். நிரலில் எந்த வழுவும் இல்லை. எழுதச் சொன்னதை அது சரியாகவே செய்கிறது. மனிதர்களின் பெயர் எப்படி இருக்கும் என்று முதல் நாளில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2001இல் வந்த மைகார்டின் 12 இலக்க எண்ணும் ஒரு பாடம். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், ஜொகூருக்கு 01. ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 25 என்று தொடங்கினால் 1925ஆ, 2025ஆ? எண்ணை மட்டும் பார்த்து வயதைக் கணக்கிடும் மென்பொருள் நூறு வயதுப் பாட்டியைக் கைக்குழந்தை ஆக்கிவிடும்.

தமிழ் எழுத்தும் இப்படித்தான். 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. 'நான்கு எழுத்துக்கு மேல் வெட்டு' என்று எழுதப்பட்ட நிரல் புள்ளியை வெட்டித் 'தமிழ' என்று நிறுத்தும். சோதனை செய்பவர் தமிழில் ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

நீண்ட காலம் பேணப்பட்ட மென்பொருளுக்கு மலேசியத் தமிழுலகில் முதலில் சொல்ல வேண்டிய பெயர், முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு. தனிக் குறியீடுகளில் தொடங்கி, பொதுக் குறியீடுகளைக் கடந்து, யூனிகோடுக்கு வந்தது முரசு அஞ்சல். 2005 தைப்பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமான செல்லினம் அந்தத் தமிழைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. அடியில் இருந்த இயங்குதளங்களும் குறியீடுகளும் ஒவ்வொன்றாய் மறைந்தன. விசைகளைப் பழகிய விரல்களுக்கு மட்டும் பழக்கம் மாறவில்லை. பராமரிப்பு என்றால் இதுதான்.

பராமரிப்பின் கணக்கு

பராமரிப்பு என்றதும் வழு திருத்துவது என்று நினைக்கிறோம். பர்ட்டன் ஸ்வான்சன் 1976இல் அதை மூன்றாகப் பிரித்தார்: பிழை நீக்கம், சூழலுக்கேற்ற மாற்றம், மேம்பாடு. பின்னர் அவரும் பென்னட் லியன்ட்ஸும் 487 நிறுவனங்களில் விசாரித்து எழுதினர். நிரலர் நேரத்தில் ஏறத்தாழப் பாதி பராமரிப்புக்கே போனது. அதிலும் பிழை நீக்கத்தின் பங்கு சுமார் ஐந்தில் ஒன்றுதான்.

சூழலுக்கேற்ற மாற்றத்தை மலேசியக் கடைக்காரர்கள் 2018இல் நேரில் கண்டார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி என்னும் பொருள், சேவை வரி, 2018 ஜூன் 1 முதல் சுழியம் ஆகும் என்று மே 16ஆம் தேதி அறிவிப்பு வந்தது. இடையில் இரண்டு வாரம். செப்டம்பர் 1இல் எஸ்எஸ்டி என்னும் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. வரி விகிதத்தை அமைப்புப் பக்கத்தில் மாற்ற முடிந்த கல்லாப்பெட்டிகள் அந்த நள்ளிரவை எளிதாகக் கடந்தன. வரியையே எடுத்துவிடாமல் சுழியம் என்று வைத்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. சுழியமும் ஒரு விகிதம்தான். விலைச்சீட்டில் அதற்கு இடம் வேண்டும், கணக்கில் அது வர வேண்டும். 'வரி இல்லை', 'வரி 0' என்ற இரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதிய நிரலுக்கு அந்த மூன்று மாதம் விளங்கியிராது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி ஒரு கடிகார மாற்றம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்ந்து 12 ஆயின. நேரம் உலக நேரத்துக்கு ஏழரை மணி முன்னிலிருந்து எட்டு மணி முன்னுக்கு மாறியது. ஜொகூரில் 1975இல் பிறந்தவருக்கு இன்றைய எட்டு மணிக் கணக்கில் ஜாதகம் கணிக்கும் மென்பொருள், லக்னத்தைச் சுமார் ஏழரைப் பாகை தள்ளிவிடும். ராசி எல்லையில் இருந்தால் லக்னமே மாறிப்போகும். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய நேர வலயத் தரவுத்தளம் இந்த மாற்றத்தை ஒரு வரியாகப் பதிந்து வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைத் திணித்த காலத்துக்கும் ஒரு வரி உண்டு. பால் எக்கர்ட்டும் தன்னார்வலர்களும் இன்றும் அந்தத் தரவுத்தளத்தைத் திருத்தி வருகிறார்கள். எந்த நாடு கடிகாரத்தை மாற்றினாலும் ஒரு வரி கூடும். அடுத்த பதிப்பு உலகெங்கும் உள்ள கைப்பேசிகளுக்குப் போய்ச் சேரும்.