மௌன நகைச்சுவைப் படங்கள்: மீட்டெடுத்த வீட்டுப் பதிப்புகள்

பேசாப்பட நகைச்சுவைகளின் எஞ்சிய பிரதிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, சீர்செய்து டிவிடி, புளூ-ரே வட்டுகளாக வெளியிடும் பணி இது. பல நாட்டுப் பிரதிகளிலிருந்து கீறல் குறைந்த காட்சிகளைத் தேர்ந்து கோப்பது முதல் வேலை. அடுத்தது வேகம். கைப்பிடி சுழற்றி நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 சட்டங்கள் வரை எடுத்ததை 24-இல் ஓட்டினால் நடிகர் தடதடவென ஓடுவார். பழைய ஒளிநாடாக்களில் அப்படியே பார்த்த பலர், சாப்ளினின் நடையே அதுதான் என்று நம்பிவிட்டார்கள்.

அவர் 1916–17இல் மியூச்சுவல் நிறுவனத்துக்கு எடுத்த 12 குறும்படங்களின் சீரமைத்த பதிப்பை 2014இல் ஃப்ளிக்கர் ஆலி என்ற வட்டு வெளியீட்டு நிறுவனம் கொண்டுவந்தது. ‘தி கோல்ட் ரஷ்’ கதை வேறு: 1925இன் மௌனப் படத்தை 1942இல் சாப்ளினே குறைத்து, தன் குரலில் வர்ணனை சேர்த்தார். கிரைட்டீரியன் நிறுவனத்தின் 2012ஆம் ஆண்டு வட்டில் இரண்டு வடிவங்களும் உண்டு.

நம் ஊர்ப் பக்கம் வந்தால், சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜார் ஒருகாலத்தில் அயல்நாட்டுப் பட வட்டுகளுக்குப் பேர்போனது, திருட்டுப் பிரதிகளுக்கும்தான். தமிழகத்தின் மௌனப் படங்களுக்கோ மீட்க மூலமே அரிது. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. இந்திய மௌன நகைச்சுவையில் தப்பிப் பிழைத்தவற்றுள் 1931இன் வங்கப் படம் ‘ஜமாய் பாபு’ குறிப்பிடத்தக்கது. இப்படி மிஞ்சியவற்றைக் காக்கும் முயற்சியாக, 2017இல் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தன் படப் பாதுகாப்புப் பயிற்சிப் பட்டறையைச் சென்னையில் நடத்தியது.