ஐடாவா, லினனா?

பெட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்குப் பூத்தையல் துணியைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தவறான துணியை வாங்கி, அதனால் ஒருவருடைய ஒரு மாதத்தை வீணாக்கியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

அந்த ஒருவர் என் அம்மா. சென்ற அக்டோபரில் ஆறு மாதம் எங்களோடு இருக்க மிச்சிகன் வந்தார். நவம்பரில் பனி கொட்ட ஆரம்பித்ததும் அவருடைய நடை நின்றுபோயிற்று. நானும் மனைவியும் அலுவலகத்தில், மகள் காப்பகத்தில். பகல் முழுவதும் வீட்டில் ஹீட்டர் ஓடுகிற சத்தம் மட்டும்தான் துணை. "கையை வச்சுக்கிட்டு சும்மா உட்கார முடியலைடா" என்றார். 1970களில் பள்ளியில் படிக்கும்போது மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிச் போட்டவர். எங்கள் வீட்டு ரேடியோவின் மேல் வெகுகாலம் கிடந்த இரட்டைக்கிளி விரிப்பு அவர் கைவேலை. எனவே ஒரு சனிக்கிழமை கைவினைப் பொருள் கடைக்குப் போய் மயில் படம் ஒன்று, நூல்கண்டுகள், ஊசி, துணி எல்லாம் வாங்கி வந்தேன். துணி விஷயத்தில் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் போனேன். தேர்ந்தவர்கள் லினனில்தான் போடுவார்கள், ஐடா கற்றுக்குட்டிகளுக்கு என்று படித்திருந்தேன். அம்மா கற்றுக்குட்டியா என்ன? முப்பத்திரண்டு எண் லினன் வாங்கினேன். விலையும் ஐடாவைப்போல இரண்டு மூன்று மடங்கு.

ஒரு வாரம் போட்டார். பிறகு துணி ஃபிரேமோடு அலமாரிக்குப் போய்விட்டது. அலுத்துவிட்டது போலும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து என் மனைவியிடம்தான் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை: "இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஓடுது. அவன் காசு போட்டு வாங்கினது, எப்படிச் சொல்றது?"

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிராஸ் ஸ்டிச் என்பது பெருக்கல் குறி வடிவத்தில் போடும் தையல். படம் துணியில் வரைந்திருக்காது. கட்டம் போட்ட காகிதத்தில் இருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. ஆகவே துணியே கிராஃப் தாள். கேள்வியெல்லாம் அந்த கிராஃப் தாளின் கோடுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா என்பதுதான்.

ஐடாவில் தெரியும். அது பருத்தித் துணி. இழைகளைத் தனித்தனியாக விடாமல் சின்னக் கற்றைகளாகச் சேர்த்து, பாய் முடைவதுபோல நெய்திருப்பார்கள். கற்றைகள் சந்திக்கும் மூலைகளில் பளிச்சென்று ஓட்டைகள். மொட்டை ஊசி தானாக அதில் போய் விழும். 1877இல் ஜெர்மனியின் ஸிண்டல்ஃபிங்கன் நகரில் தொடங்கிய ஸ்வைகார்ட் நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்தே அறியப்படுகிற துணி இது. நம் ஊர் மேட்டி துணி இதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

லினன், ஆளிச்செடியின் தண்டு நாரிலிருந்து வருவது. இப்போது எல்லோரும் கஞ்சியில் போட்டுக் குடிக்கிற ஆளிவிதையின் செடிதான். அதில் கற்றை கிடையாது. ஒரு இழை மேலே, ஒரு இழை கீழே என்ற சாதாரண நெசவு. இழைகளும் ஒரே பருமனில் இருக்காது. ஓர் இடத்தில் தடித்தும் அடுத்த இடத்தில் மெலிந்தும் ஓடும். அதுதான் அதன் அழகு. அதுதான் வயதான கண்ணுக்குச் சத்துருவும்.

கடையில் என்னைக் குழப்பியது எண். ஐடாவில் 11, 14, 16, 18 என்று போட்டிருக்கும். ஓர் அங்குலத்தில் அத்தனை கட்டங்கள். லினனில் 28, 32, 36, 40 என்றிருக்கும். அது கட்டமல்ல, இழை. லினனில் பொதுவாக இரண்டு இழையைத் தாண்டித்தான் ஒரு தையல் போடுவார்கள். ஆகவே 28 எண் லினனும் 14 எண் ஐடாவும் ஒரே அளவு படத்தைத் தரும். எங்கள் மயில் 140 தையல் அகலம். 14 ஐடாவில் அது 10 அங்குலம். 28 லினனில் 140ஐ இரண்டால் பெருக்கி 28ஆல் வகுத்தால் அதே 10. நான் வாங்கிய 32இல் எட்டே முக்கால். படத்தைச் சுற்றிப் பக்கத்துக்கு மூன்று அங்குலமாவது துணி விட்டால்தான் சட்டம் போட முடியும். எனவே 10 அங்குலப் படத்துக்கு 16 அங்குலத் துணி வெட்ட வேண்டும். 14 ஐடாவுக்கு ஆறு புரி நூலிலிருந்து இரண்டு புரி பிரித்து எடுத்துப் போடுவது வழக்கம். ஊசி 24ஆம் எண்.

அளவு ஒன்றுதான் என்றால் எதற்கு இரண்டு துணி? தையல் விழாத இடத்துக்காக. படம் துணி முழுவதையும் மூடிவிடுமானால் கீழே ஐடா இருந்தாலும் லினன் இருந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. அங்கே லினனுக்குக் கொடுக்கிற காசு, சுவரில் பூசப் போகிற செங்கல்லுக்குச் சாயம் அடிக்கிற மாதிரி. ஆனால் நடுவில் ஒரு கொடி, சுற்றிலும் வெற்றுத்துணி என்றால் கதை வேறு. ஐடாவில் வெற்றிடமும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கணக்கு நோட்டில் பூ வரைந்தது போல. டென்மார்க்கின் கெர்டா பெங்ட்ஸன் காட்டுப்பூக்களை வடிவமைத்தது லினனுக்காக. ஒரு தண்டு, நான்கு இலை, சுற்றிலும் காற்று. அந்தக் காற்று ஐடாவில் வராது.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இன்னோர் உதாரணம் சொல்ல வேண்டும். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எலிசபெத் பார்க்கர் என்ற சஸெக்ஸ் பெண்ணின் தையல் துணி ஒன்று இருக்கிறது. சுமார் 1830இல் செய்தது. வீட்டு வேலைக்குப் போன இளம்பெண் அவர். அந்தக் காலத்துப் பயிற்சித் துணிகளில் வழக்கமாக வரும் பூ, வீடு, பறவை எதுவும் அதில் இல்லை. சிவப்புப் பட்டு நூலில், சின்னச் சின்ன கிராஸ் ஸ்டிச்சில், முழுக்க எழுத்து. எசமானர் வீட்டில் பட்ட கொடுமை, செத்துப்போகலாமா என்று வந்த எண்ணம், கடவுளிடம் வைக்கிற மன்றாட்டு. வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் லினன். (அவர் அதற்குப் பிறகு நெடுநாள் வாழ்ந்து ஆசிரியையாக வேலை பார்த்தார் என்பது ஆறுதல்.) படத்தில் பார்த்தபோது எழுத்தை விட அந்த வெற்றுத்துணியையே அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கட்டம் போட்ட துணியாக இருந்தால், இன்னும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் என்றுதான் தோன்றியிருக்கும். அவர் காலத்தில் ஐடா கிடையாது. லினனில் இழை எண்ணுவதைத் தவிர வழியில்லை.

பிழை விஷயத்துக்கு வருகிறேன். இது என் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் சற்று நீட்டுவேன், பொறுத்தருள்க.

ஐடாவில் ஒரு தையலைத் தப்பான ஓட்டையில் போடுவது கடினம், ஆனால் தப்பான கட்டத்தில் போடுவது சுலபம். பதினேழு எண்ணுவதற்குப் பதில் பதினாறு எண்ணிவிட்டால் துணி வாயே திறக்காது. இரண்டு நாள் கழித்து மயிலின் கழுத்தும் உடலும் சந்திக்கிற இடத்தில்தான் தெரியும். லினனில் அரை தையல் பிசகும்: இரண்டு இழைக்குப் பதில் ஒன்றையோ மூன்றையோ தாண்டிவிடுவோம். ஆனால் அந்தப் பிசகை லினனே காட்டிக்கொடுக்கும். சாதாரண நெசவில் நெடுக்கு இழை ஒரு குறுக்கிழைக்கு மேலே போனால் அடுத்ததற்குக் கீழே போகும். முதல் தையலைத் தொடங்கும்போது, ஊசி வெளிவரும் ஓட்டைக்கு வலப்பக்கத்து நெடுக்கு இழை மேலே கிடக்கும்படி இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டிரண்டாகத் தாண்டினால் ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் அதே காட்சிதான் இருக்கும். ஓர் இழை பிசகினால் வலப்பக்கத்து இழை கீழே போய்விடும். உடனே கண்டுபிடித்துவிடலாம். கம்ப்யூட்டர்காரர்கள் பாரிட்டி பிட் என்கிறோமே, அச்சாக அதேதான். அதற்குள்ள குறை இதற்கும் உண்டு. குறுக்கே ஓர் இழை, நெடுக்கே ஓர் இழை என்று இரண்டு பக்கமும் சேர்ந்து பிசகினால் காட்டிக்கொடுக்காது. ஒரு முழுத் தையல் பிசகினாலும் அப்படியே.

பிரிப்பது என்று வந்தால் ஐடா பொறுமைசாலி. லினனில் இரண்டு தடவை பிரித்தால் இழைகள் நகர்ந்து ஓட்டை அகலும். அமெரிக்கர்கள் இந்தப் பிரிக்கிற வேலைக்குத் தவளையின் பெயரை வைத்திருக்கிறார்கள். 'ரிப் இட், ரிப் இட்' என்பது தவளைச் சத்தமாம்.

வளைவுகளில் லினன் ஜெயிக்கும். முகவாய், இதழ்நுனி போன்ற இடங்களில் முக்கால் தையல் போட வேண்டும். அதற்குக் கட்டத்தின் நடுவில் ஊசி இறங்க வேண்டும். லினனில் அங்கே ஏற்கனவே ஓட்டை இருக்கிறது. ஐடாவில் கற்றையைக் குத்திப் பிளக்க வேண்டும், மொட்டை ஊசி மறுக்கும். தமிழ் எழுத்துக்கு இது பெரிய பிரச்சினை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஏழு கட்ட உயரத்தில் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். நம் 'ணை'யும் 'ழ'வும் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். பழைய கணினித் திரைகளில் சின்ன அளவில் தமிழ் படித்துக் கண் பூத்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். லினனில் ஒற்றை இழை தாண்டிப் போட்டால் அதே இடத்தில் இரண்டு மடங்கு நுணுக்கம் கிடைக்கும். போடுகிறவர் கண் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவே ஈவன்வீவ் என்று ஒன்று விற்கிறார்கள். பருத்தியோ, பருத்தியும் ரேயானும் கலந்ததோ. லினன்போல ஒற்றை இழை நெசவு, ஆனால் இழைகள் ஒரே பருமன். எண்ணுவது சுலபம், பிரித்தாலும் தாங்கும். ஐடாவிலிருந்து லினனுக்குத் தாவ நினைப்பவர்கள் இதில் கால்வைத்துப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சட்டைத் துணிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் லினனை இதற்கு வாங்கிவிடாதீர்கள். நெடுக்கிலும் குறுக்கிலும் இழை எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. ஒரு பக்கம் 28, மறுபக்கம் 26 என்றால் 140 தையல் சதுரம் ஒரு பக்கம் 10 அங்குலமாகவும் மறுபக்கம் பத்தே முக்காலாகவும் முடியும். நிலா முட்டையாகிவிடும்.

கண் பற்றி: பகல் வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும். அடர்நிறத் துணியானால் மடியில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டால் ஓட்டைகள் தெரியும். அம்மாவுக்கு இரண்டையும் செய்து பார்த்தோம்; லினனுக்கு அப்போதும் போதவில்லை. உள்ளூரில் கண்புரை என்று ஏற்கனவே சொல்லியிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. 14 ஐடா கொண்டுவந்து கொடுத்தேன். தடவிப் பார்த்து, "இது மேட்டி துணி மாதிரி இருக்கே, முதல்லயே இதை வாங்கியிருக்கலாமே" என்றார். கைக்கு விறைப்பாக இருந்தது. அது கஞ்சி, அலசினால் போய்விடும் என்று எனக்குச் சொல்லியும் கொடுத்தார்.

ஊருக்குப் போக மூன்று மாதம்தான் இருந்தது. மார்ச் கடைசியில் மயில் முடிந்தது. அதன் கீழே பேத்தியின் பெயரைத் தமிழில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. பெயரில் ஒரு ழகரம் உண்டு. இரண்டு இரவு உட்கார்ந்து, பதினாறு கட்ட உயரத்தில், முக்கால் தையல் இல்லாமல் ழகரத்துக்கு ஒரு கட்டப்படம் தயாரித்து அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். காகிதத்தை மடித்து ஊசிப் பெட்டியில் வைத்தார். பிறகு பென்சிலை எடுத்துக் கட்டம் எதையும் சட்டை செய்யாமல் துணியில் பெயரை எழுதி, கூரான ஊசி ஒன்று கேட்டு வாங்கி, அதன் மேலேயே காம்புத் தையல் போட ஆரம்பித்தார்.

முப்பத்திரண்டு எண் லினன் என்னிடம்தான் இருக்கிறது. அம்மா போட்ட தோகை இறகு ஒன்றரை அங்குலம் அதில் அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்த இறகை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போட்டு வருகிறேன். இதுவரை இரண்டு தடவை பிரித்தாயிற்று.